கையெழுத்துக்கு மேலே பத்து வரி

ஆகஸ்ட் 11

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு நோட்ல குறிச்சிட்டு வாங்க" என்றார். ஜனவரியில் சிமென்ட் கடையில் கொடுத்த டைரி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. ஏழு மாதத் தாமதம். இருபத்தாறு வருஷமாக ஊராட்சி ஆபீசில் இருப்பவனுக்கு இதெல்லாம் தாமதத்தில் சேர்த்தியில்லை.

காலை: இட்லி ஆறு. (டாக்டருக்கு: மூன்று.) மதியம்: சோறு, கருவாட்டுக் குழம்பு. சர்க்கரை 246.

முதல் பக்கத்தில் 'ஆவுடைநாயகம், ஊராட்சி செயலர், செவல்குறிச்சி' என்று எழுதியிருக்கிறேன். செயலர் என்பது காகிதத்தில். ஊருக்கு நான் கிளார்க்கு. வயது ஐம்பத்து மூன்று. தொப்பையைப் பார்த்தால் அது எனக்கு அண்ணன் என்பார்கள்.

கோமதி இதைப் படிப்பாள். இருபத்தெட்டு வருஷமாக என் சட்டைப் பையைப் படிக்கிறவள் டைரியை விடுவாளா. கோமதி, படிக்கிறதுதான் படிக்கிறாய், நாளைக்கு டீயில் அரைக் கரண்டி சர்க்கரை போடு.

ஆகஸ்ட் 12

டீயில் சர்க்கரை இல்லை. படித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 14

நாளை கிராம சபை. தலைவரம்மா காலையிலேயே வந்து பழைய தீர்மானங்களை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பிரசிடெண்ட் வேலுத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. சுற்றுப்பட்டில் இப்படி ஒதுக்கிய ஊர்களில் பிரசிடெண்டின் வீட்டுக்காரர் நாற்காலியில் இருப்பார், பிரசிடெண்ட் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருப்பார். செயலர்களுக்கு அது பெரிய வசதி. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேலுத்தாயின் வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டுகிறார். தீபாவளிக்குத் தலை காட்டுவார். இந்த அம்மா பதினெட்டு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்கியவர். எதையும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு பிளீச்சிங் பவுடர் டப்பா வாங்குகிற பில்லுக்குக் கால் மணி நேரம்.

அவர் ஜெயித்தது ஒரே ஒரு வாக்குறுதியில்தான். ஊருக்கு மேற்கே எண்பத்திரண்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. நாங்கள் காடு என்போம். மரம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். "அந்தக் காட்டை எவனுக்கும் விட மாட்டேன்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சோலார் கம்பெனி ஜீப் அங்கே இரண்டு தடவை வந்து போயிருக்கிறது.

ஆகஸ்ட் 15

கொடி ஏற்றினோம். கயிறு வழக்கம்போலப் பாதியில் சிக்கியது. மிட்டாய் மூன்று. (டாக்டருக்கு: தேசபக்தி.)

கிராம சபையில் அழகர்க் கோனார் எழுந்தார். ஆட்டைக் கூப்பிடுகிற தொண்டையிலேயே மனிதர்களையும் கூப்பிடுகிறவர். "ஏ தலைவரம்மா, சோலார் ஜீப்புக்காரன் வந்து கல்லு ஊனிட்டுப் போயிருக்கான். பதினோரு வீட்டுக்காரங்க தொள்ளாயிரம் உருப்படி வச்சிருக்கோம். காடு போச்சுன்னா ஆட்டையெல்லாம் ஒங்க மச்சுல ஏத்தவா?"

"மச்சு இருந்தா ஏத்துங்க மாமா. எனக்கு ஓட்டு வீடு" என்றார் வேலுத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் காடு ஊராட்சிக்குப் பாத்தியப்பட்டது. நான் இந்த நாற்காலியில இருக்க வரைக்கும் அது போகாது."

ஒன்பதாம் தீர்மானம்: காட்டு எல்லையில் வேம்பு நடுவது, போர்டு வைப்பது. மொத்தம் பதிமூன்று தீர்மானங்கள்.

இங்கே என் கைவேலை ஒன்றைப் பதிவு செய்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் கடைசித் தீர்மானத்துக்கும் பிரசிடெண்ட் கையெழுத்துக்கும் நடுவே பத்து வரி இடம் விடுவேன். காரணம் உண்டு. கூட்டம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் ஒன்றிய ஆபீசுக்கு ஞானம் பிறக்கும். 'கொசு ஒழிப்புத் தீர்மானம் சேர்க்கவும்', 'பிளாஸ்டிக் தீர்மானம் சேர்க்கவும்' என்று வாட்ஸப் வரும். அதற்காக ஊரை மறுபடி கூட்ட முடியுமா. இடம் இருந்தால் எழுதிச் சேர்த்துவிடலாம்.

வேலுத்தாய் பேனாவைப் பிடித்தபடி கேட்டார். "இங்க ஏன் அண்ணாச்சி வெறும் எடம்?"

"கொசு வரும்மா."

"என்னது?"

"கொசு ஒழிப்பு. ஆபீஸ்ல இருந்து பின்னால அனுப்புவாங்க."

"தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்காத பெட்டிக்கு லேபிள் ஒட்டுனா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாரு கணக்கப்பிள்ள." கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "சரி, நீங்க இருக்கீங்கல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பெரிய எழுத்து, கடைசியில் அழுத்தி ஒரு புள்ளி.

ஆகஸ்ட் 20

இந்தத் தடவை கொசு வரவில்லை. பத்து வரியும் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 22

காட்டு எல்லையில் வேம்புக் கன்று நட்டு, போர்டு வைத்தோம். 'இது செவல்குறிச்சி ஊராட்சிக்குப் பாத்தியப்பட்ட மேய்ச்சல் நிலம்.' எழுத்து என்னுடையது. ஊரில் அழகான கையெழுத்து எனக்குத்தான். அழகென்று சொல்ல வேறெதுவும் இல்லாததால் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

துணைத் தலைவர் தங்கப்பாண்டியன் வேடிக்கை பார்க்க வந்தான். என்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தில் பெயிலானவன். இப்போது இரண்டு ஜேசிபி வைத்திருக்கிறான். சோலார் கம்பெனிக்கு நிலம் சமன்படுத்துகிற வேலை அவனுக்கு வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு.

"என்னவே ஆவுடை, பிரசிடெண்டுன்னதும் ஒங்க தலைவரம்மா அமெரிக்கா பிரசிடெண்டுன்னு நெனச்சுட்டாளா?" என்றான்.

"அவருக்கும் கோர்ட்டு இருக்காம்வே. நெலத்த அவரு இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாதாம். பேப்பர்ல போட்டிருந்தான்" என்றேன்.

"அப்ப செவல்குறிச்சி பிரசிடெண்டு எம்மாத்திரம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு எனக்கு இருமல் மாதிரி. பக்கத்தில் ஒருத்தன் ஆரம்பித்தால் போதும்.

சர்க்கரை 239.

ஆகஸ்ட் 26

ஒன்றிய ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உளுந்த வடை இரண்டு. அதிகாரி ஒருவர், பெயர் வேண்டாம், நாற்காலி போடச் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் அங்கே எனக்கு நாற்காலி போட்டது இது முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தேன்.

"நாயகம், அந்த மேய்ச்சல் நெலத்தைப் பத்தி ஊராட்சியோட கருத்த எழுதி அனுப்பச் சொல்லி மேலிடத்துக் கடிதம். அவசரம். அடுத்த கிராம சபை அக்டோபர்லதானே. அதுவரைக்கும் தாங்காது. ஆகஸ்ட் கூட்டத்துல ஏதும் தீர்மானம் போட்டிருந்தா நகல் குடுத்துருங்க."

"போடல சார்."

"புத்தகத்த நல்லாப் பாருங்க." பிறகு பேச்சை மாற்றி, "டிரான்ஸ்பர் லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கு. மலையடிவாரப் பஞ்சாயத்து. ஒரு நாளைக்கு ரெண்டு பஸ்ஸு. சுகர் இருக்குன்னு சொன்னீங்கல்ல?" என்று விசாரித்தார். அக்கறையான மனிதர்.

அவர் கொடுத்தனுப்பிய கடிதம் என் பைக்குள் இருக்கிறது. தலைவரம்மாவிடம் காட்ட வேண்டும். இன்று நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 27

காலை: உப்புமா. பதினோரு மணிக்குத் தங்கப்பாண்டியன் ஆபீசுக்கு வந்தான். தலைவரம்மா தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போயிருந்தார். செல்லில் ஏதோ டைப் செய்து கொண்டுவந்திருந்தான். டீ குடித்தோம்.

(இதற்குக் கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுதிக்கொள்ளலாம்.)

மதியம்: ஒன்றும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 28

சர்க்கரை 318. "மனசுல கவலை ஏதும் உண்டா?" என்றார் டாக்டர். "நான் கவலைப்பட்டா ஊரே கவலைப்படும் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, மாத்திரையைக் கூட்டினார்.

செப்டம்பர் 12

டிரான்ஸ்பர் லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. கோமதி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். "எல்லாப் பேரும் இருக்கு, ஒங்க பேரு மட்டும் எப்படி இல்ல?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டாள். துவையல் நன்றாக இருந்தது என்று பதில் சொன்னேன்.

செப்டம்பர் 24

கலெக்டர் உத்தரவு வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம். தலைவரம்மா விரல் வைத்து வாசித்தார். 'ஊராட்சியைக் கலந்தாலோசித்த பிறகு மேற்படி எண்பத்திரண்டு ஏக்கரும் ஊராட்சியின் பொறுப்பிலிருந்து விலக்கப்படுகிறது.' விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"கலந்தாலோசிச்சு... யார்ட்ட அண்ணாச்சி கேட்டாங்க?"

"எல்லா ஆர்டர்லயும் அப்படித்தாம்மா போடுவாங்க. வழக்கமா எழுதுற வாக்கியம்."

"என்கிட்ட யாரும் கேக்கலயே."

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

அக்டோபர் 2

கிராம சபைக்கு முந்நூறு பேர். என் சர்வீசில் இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. வழக்கமாக இருபது பேரும் ஒரு நாயும். முதல் தீர்மானம்: காட்டைக் கொடுக்க மாட்டோம். கோனார் கைநாட்டு வைத்துவிட்டு மையை வேட்டியில் துடைத்தார்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் வரி ஒன்று உண்டு: 'சென்ற கூட்ட நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டன.' இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். இதுவரை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை, நானும் வாசித்ததில்லை. இன்றும் எழுதினேன். தலைவரம்மா கடைசித் தீர்மானத்தில் மூழ்கியிருந்தார்.

இந்தத் தடவை கையெழுத்துக்கு மேலே இடம் விடவில்லை. அதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 9

தலைவரம்மாவோடு மதுரைக்குப் போனேன். வக்கீல் ஞானசௌந்தரி மெலிந்த மனுஷி. மேஜை முழுக்கக் கட்டு கட்டாகக் காகிதம், நடுவில் ஒரு டிபன் டப்பா.

"பாருங்கம்மா, அது உங்க நெலம்தான். ஆனா முழுக்க உங்க கையில இல்ல. மேய விடலாம், மரம் நடலாம், போர்டு வைக்கலாம். கலெக்டர் நெனச்சா எடுத்துக்கலாம். எடுக்குறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும். அவ்வளவுதான் சட்டம்."

"வேண்டாம்னு நாங்க சொன்னா?"

"சொன்னாலும் எடுக்கலாம். ஆனா கேக்காம எடுத்தா ஆர்டர் நிக்காது."

வேலுத்தாய் மேஜையிலிருந்த உத்தரவின் மேல் விரலை வைத்தார். பிறகு, "அப்ப பிரசிடெண்டுன்னு எனக்கு இருக்கிற அதிகாரமே இது ஒண்ணுதான். என்னைக் கேக்கணும்" என்றார்.

"அது ஒண்ணு போதும். கேட்டாங்களா?"

"கேக்கல."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "செயலர் நீங்கதானே சார்? கடிதம் ஏதும் வரலயே?"

எனக்கு அந்த நேரம் பார்த்துக் கடுமையான இருமல். தண்ணீர் கொடுத்தார்கள். கேள்வியும் அதோடு போய்விட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார் தலைவரம்மா. "சுகர்காரரு, காத்தாட உக்காருங்க." ஊர் வரும்வரை காற்றாட உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 18

கலெக்டர் உத்தரவை எதிர்த்துப் போட்ட கேஸ் இன்று வந்தது. கோர்ட்டுக்கு நான் போகவில்லை. பல்வலி. (உண்மையிலேயே ஒரு பல் ஆடுகிறது.) நடந்ததைத் தலைவரம்மாவோடு போயிருந்த கோனார் டீக்கடையில் சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தாராம். ஆகஸ்ட் பதினைந்து, செவல்குறிச்சி கிராம சபை, பதினாலாம் தீர்மானம்: மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுப்பதில் இச்சபைக்கு ஆட்சேபணை இல்லை. நீதிபதி தலைவரம்மாவைப் பார்த்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டிருக்கிறார்.

"கையெழுத்து என்னோடது. அதுக்கு மேல இருக்கிறது என்னோடது இல்ல" என்றாராம் வேலுத்தாய்.

"கையெழுத்துன்னா அதுக்கு மேல இருக்கிறதுக்குத்தானேம்மா" என்றாராம் நீதிபதி. கோபமாக இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார் என்றார் கோனார்.

நவம்பர் 19

தலைவரம்மா வந்து புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றிலிருந்து விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தார். பதிமூன்று. பதினாலு. விரலை எடுக்கவில்லை.

"காட்டுல இருக்கிற போர்டும் இதே எழுத்துதான்" என்றார்.

நான் ஏதோ சொன்னேன். ஜோக்காக இருக்கும். வாயில் வேறெதுவும் வராது எனக்கு.

அவர் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். கத்தியிருக்கலாம்.

டிசம்பர் 3

சாயங்காலம் வேலுத்தாய் வீட்டுக்கு வந்தார். கோமதி டீ கொண்டுவந்தாள். அவருக்குச் சர்க்கரை போட்டு, எனக்குப் போடாமல்.

"யாரு எழுதச் சொன்னாங்கன்னு நான் கேக்க வரல அண்ணாச்சி. கோர்ட்டுக்கு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. கூட்டத்துல போட்டது பதிமூணுதான், பதினாலு பின்னால எழுதுனதுன்னு. வக்கீலம்மா அது போதும்னு சொல்லுதாங்க."

"வேல போயிரும்மா. கேஸும் வரும்."

"தெரியும்." டம்ளரைக் கீழே வைத்தார். "வராதுன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. அதான் தெரியும்ன்னேன்."

கோமதி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"பாப்போம்மா" என்றேன். மனு கொண்டுவருகிறவர்களிடம் இருபத்தாறு வருஷமாக நான் சொல்லும் சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

டிசம்பர் 5

ஒரு மாதம் மெடிக்கல் லீவு. சர்க்கரை 361. சர்டிபிகேட் வாங்கப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 14

பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆகஸ்ட் 27-இல் விட்ட நாலு வரி இடத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் இருக்கிறது: 'இங்க என்ன எழுதப் போறீங்க?'

கோமதியின் எழுத்து. அழிக்கவில்லை. அவளும் வாயால் கேட்கவில்லை.

மதியம்: கீரை.

ஜனவரி 9

கேஸ் தள்ளுபடி. ஊராட்சி கலந்தாலோசிக்கப்பட்டிருக்கிறது, தலையிட முகாந்திரம் இல்லை. அப்பீலுக்கு முப்பது நாள் உண்டு. புதிதாக ஏதாவது ஆதாரம் இருந்தால்தான் நிற்கும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

லீவு முடிந்து ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். கோனார் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "கிளார்க்கையா, நாமளே குடுத்துட்டோம்னு எழுதியிருக்காம்லா. யாரு குடுத்தா?"

"மேல இருந்து வந்தது மாமா" என்றேன்.

கோனார் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். கிண்டல் செய்யத் தெரிந்த மனிதர் இல்லை. உண்மையாகவே பார்த்தார்.

ஜனவரி 26

கிராம சபை. முதல் வரியை எழுதப் பேனாவைத் திறந்தேன். தலைவரம்மா கையை நீட்டித் தடுத்தார். "இன்னைக்கு வாசிப்போம். ஆகஸ்ட் கூட்டத்துல இருந்து."

"அது அப்பவே ஏத்துக்கிட்டாச்சேம்மா."

"வாசிச்சு ஏத்துக்கிட்டதா எழுதியிருக்கு. வாசிக்கலயே. வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தேன். தெருவிளக்கு, சாக்கடை, தொட்டி கழுவுவது. ஒன்பதாவது வேம்பு. பதிமூன்றாவதும் முடிந்தது. தங்கப்பாண்டியன் செல்லைக் குடைந்துகொண்டிருந்தான். பதினாலையும் வாசித்தேன். என் எழுத்து, தடுமாற வழியில்லை, அவ்வளவு தெளிவு.

"இத நாங்க எப்பம் சொன்னோம்?" என்றார் கோனார்.

நான் பேனாவை மூடித் திறந்தேன். மற்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒருத்தர்கூடத் திட்டவில்லை. திட்டினால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"வாசிச்சாச்சு. சபை ஏத்துக்கிடல. அப்படியே எழுதுங்க" என்றார் தலைவரம்மா. எழுதினேன். என் கடைசிச் சொல்லை ஒட்டி, நூல் இடம் விடாமல் கையெழுத்துப் போட்டார். மிச்சப் பக்கத்துக்குக் குறுக்கே கோடு இழுத்தார். புத்தகத்தை என்னிடம் கொடுக்கும்போது, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "அப்பீலுக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கு."

வீட்டுக்கு வந்து, ஆகஸ்ட் 27-இல் கோமதியின் பென்சில் வரிக்குக் கீழே மிச்ச இடத்தையும் நிரப்பினேன். எழுதியது இது:

'தங்கப்பாண்டியன் செல்லைப் பார்த்து வாசிக்க, பதினாலாம் தீர்மானத்தை என் கையால் எழுதினேன். கருத்துக் கேட்ட கடிதத்தைத் தலைவரிடம் காட்டவே இல்லை. அவன் சொன்னது ஒன்பது வரி; பத்தாவது வரி காலியாக இருந்தது பார்க்க நன்றாக இல்லை என்று, "ஒருமனதாக நிறைவேறியது" என நானாகச் சேர்த்தேன். டீ நன்றாக இருந்தது.'

கீழே ஒட்டிக் கையெழுத்தும், இன்றைய தேதியும் போட்டேன்.

பிப்ரவரி 2

தலைவரம்மா ஆபீசுக்கு வந்தார், தண்ணீர்த் தொட்டி மோட்டார் விஷயமாக. போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். நான் மோட்டார் பைலைத் தேடிக்கொண்டிருந்தேன். மேஜை மேலேயே இருந்தது.

பிப்ரவரி 9

காட்டைச் சுற்றிக் கம்பி வேலி முடிந்துவிட்டது. தங்கப்பாண்டியனின் ஜேசிபி இரண்டும் உள்ளே நிற்கின்றன. வேம்புக் கன்றுகளை வரிசையாகப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். போர்டை ஆபீஸ் சுவரில் சாத்திவைத்தாயிற்று. எழுத்து இன்னும் மங்கவில்லை. கோனாரின் ஆடுகள் தார் ரோட்டில் நிற்கின்றன. பஸ் ஹாரன் பழக்கமில்லை, ஒவ்வொரு தடவையும் சிதறி ஓடுகின்றன.

நேற்றோடு முப்பது நாள் முடிந்தது. டைரி வீட்டை விட்டு எங்கும் போகவில்லை.

காலையில் கோமதி டீயை வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை போட்டிருந்தாள். இரண்டு கரண்டி இருக்கும். நான் கேட்கவில்லை.